குழந்தையின்மை: வரிசை தப்பும் சிகிச்சை

மலிவான சோதனைகளைத் தாண்டி நேரே சோதனைக் குழாய்க்கு ஓடுகிறார்கள் தம்பதிகள். நடுவில் ஒளிந்திருக்கும் காசநோய் கவனிக்கப்படுவதில்லை.

டில்லியை நோக்கி வரும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்களுக்கு அந்தச் சுவர்கள் தெரிந்திருக்கும். தண்டவாளத்தை ஒட்டிய மதில்களில் பெரிய இந்தி எழுத்துகள்: பிள்ளையில்லாத தம்பதிகள் வந்து சந்திக்கவும். கீழே ஒரு ஹக்கீமின் பெயர். நகரத்துக்குள் அதே அழைப்பு மெருகேறி, கொழுகொழு குழந்தை சிரிக்கும் விளம்பரப் பலகையாக நிற்கிறது. சுவருக்கும் பலகைக்கும் நடுவே அலைபவர்களுக்கு யாரும் சொல்லித் தராத விஷயம் ஒன்று உண்டு. எந்தப் பரிசோதனை முதலில், எது அப்புறம் என்பதுதான் அது.

ஓராண்டு முயன்றும் கரு தரிக்காவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதமே அதிகம். முதலில் செய்ய வேண்டியது கணவரின் விந்துப் பரிசோதனை. சில நூறு ரூபாய்தான் செலவு, ஊசி கிடையாது, வலி கிடையாது. ஏறக்குறைய பாதி தம்பதிகளிடம் ஆணின் குறைபாட்டுக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் வீட்டில் மாமியாரோடு கிளினிக்குக்கு அனுப்பப்படுபவள் மருமகள் மட்டுமே. மகனுக்கு என்ன குறை என்ற கேள்வி எழுவதற்குள் மூன்று நான்கு வருடம் ஓடிவிடுகிறது. அதற்குள் அவளுக்கு எல்லாச் சோதனையும் ஆகியிருக்கும்.

ஒரு மில்லி லிட்டரில் 1.6 கோடி அணுக்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021ல் தந்த கீழ்வரம்பு. ஒருமுறை குறைந்தால் பதற வேண்டாம். விந்தணு உருவாக சுமார் இரண்டரை மாதம் ஆகும். இடையில் வந்த காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். எனவே மறுசோதனை தேவை. உண்மையிலேயே குறைவு என்றாலும் வழி அடைபட்டுவிடவில்லை. பெல்ஜியத்தில் 1992ல் வெற்றி கண்ட 'இக்ஸி' முறையில் ஒரு முட்டைக்கு ஒரே ஒரு அணு போதும்.

வட இந்தியச் சிற்றூர்களில் பெண்ணுக்கு நேர்வது வேறு. 'சஃபாயி' செய்துவிடலாம் என்கிறார்கள். கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி-க்கு அங்கே அதுதான் பெயர். அழுக்கு போனால் பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை. கருப்பையில் அப்படி ஓர் அழுக்கும் கிடையாது. சோதனைக்குத் திசு வேண்டுமானால் மெல்லிய குழாயால் சிறிதளவு எடுத்தாலே போதும். திரும்பத் திரும்பச் சுரண்டினால் உட்சுவர் வடுவாகி ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. பிள்ளை வேண்டி வந்தவளின் பிள்ளை தங்கும் இடமே பாழாகலாம்.

அந்த உட்சுவரை அரிக்கும் இன்னொரு எதிரி காசநோய். பணக்கார நாட்டுப் புத்தகங்களில் ஓரிரு வரியில் முடியும் சங்கதி இது. இந்தியாவில் அப்படியில்லை. நுரையீரலுக்குள் போன கிருமி ரத்தத்தின் வழியே கருக்குழாய்களில் போய்ப் படுத்துக்கொள்கிறது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. மாதவிலக்கு குறையலாம், அடிவயிறு வலிக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். பிள்ளை இல்லை என்று தேடும்போதுதான் பலருக்கு நோயே தெரிய வருகிறது. எக்ஸ்ரேயில் மணி கோத்தது போலத் தெரியும் குழாய், லேப்ராஸ்கோபியில் தென்படும் முடிச்சுகள், திசுவில் வளர்த்துக் காட்டப்படும் கிருமி ஆகியவைதான் வலுவான சாட்சிகள்.

சாட்சி இல்லாமலே தீர்ப்பு எழுதுவோரும் உண்டு. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் பார்த்து டி.பி. என்று சொல்லும் சோதனைகளை நம்ப முடியாது என்று 2012ல் அரசே தடை செய்தது. கருப்பைத் திசுவில் பி.சி.ஆர். மட்டும் 'பாசிட்டிவ்' என்பதற்காக ஆறு மாத மாத்திரை எழுதுவதும் சரியல்ல. அந்தச் சோதனை இல்லாத நோயையும் காட்டக்கூடும், மாத்திரையோ ஈரலைப் பதம் பார்க்கக்கூடியது. நோய் உறுதியானால் மட்டும் தயங்கக் கூடாது. ஆறு மாத மருந்தை அரசு இலவசமாகத் தருகிறது. குழாய் அதிகம் கெடாதிருந்தால் சிலருக்கு இயல்பாகவே கரு தரிக்கும். கெட்ட குழாயை எந்த மாத்திரையும் திறக்காது. அவர்களுக்குத்தான் ஐ.வி.எஃப். தேவை. நீர் கோத்த குழாயை முன்கூட்டியே அகற்றவோ கட்டவோ செய்யாவிட்டால் அந்தப் பணமும் வீண்.

மாதவிலக்கு தள்ளிப்போகும் சினைப்பை நீர்க்கட்டிக்காரர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. உடம்பு எடை சற்றுக் குறைந்தாலே பலருக்கு முட்டை வெளிப்படும். இல்லாவிட்டால் லெட்ரோசால் மாத்திரை. மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து என்று 2011ல் இந்த உபயோகத்துக்கு இந்தியாவில் தடை வந்தது. பழைய குளோமிஃபீனைவிட இதில் அதிகக் குழந்தைகள் பிறக்கின்றன என்று 2014ல் அமெரிக்க ஆய்வு காட்டியது. இங்கே தடை நீங்கியது 2017ல்.

ஐ.வி.எஃப். ஒரு சுற்றுக்குத் தனியார் மையங்களில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆவது சகஜம். இளம் வயதிலும் மூன்றில் ஒரு பங்கு வெற்றி என்பதே நல்ல கணக்கு. நாற்பதைத் தாண்டினால் சொந்த முட்டையில் வெகுவாகச் சரிந்துவிடும். பலகைகளில் மின்னும் 'சதவீதம்' எதற்கான சதவீதம் என்று கேட்பது நல்லது. சிறுநீர்ச் சோதனையில் 'பாசிட்டிவ்' வேறு, வீட்டுக்கு வரும் குழந்தை வேறு. 2021ம் ஆண்டுச் சட்டப்படி மையம் பதிவு செய்திருக்க வேண்டும். பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதே உச்சவரம்பு.

கருப்பையின் உட்சுவரே வடுவாகிப்போனவளுக்கு இதுவும் கைகொடுக்காது. மிஞ்சுவது தத்து, அல்லது வாடகைத்தாய். பெயரில்தான் வாடகை, பணம் கொடுத்து ஏற்பாடு செய்வதை அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம் தடுக்கிறது. மருத்துவச் செலவும் காப்பீடும் மட்டுமே தரலாம். சுமப்பவள் 25 முதல் 35 வயதுக்குள், சொந்தக் குழந்தை உள்ளவளாக இருக்க வேண்டும். ஆயுளில் ஒரே ஒரு முறைதான் சுமக்கலாம். அப்படி முன்வரும் பெண்ணைத் தேடி மறுபடி அலைய வேண்டும், இந்த முறை உறவினர் வீடுகளில்.