விற்பனைக்கு அல்லாத சொத்து

கடையில் அரிசி மூட்டை விற்பதற்கு. அதைத் தாங்கும் இரும்பு ரேக் விற்பதற்கல்ல. அதனால் இருப்புநிலைக் குறிப்பில் மூட்டை சரக்குக் கணக்கிலும், ரேக் நிலையான சொத்துக் கணக்கிலும் ஏறுகின்றன. ஃப்ரீசர், பில் போடும் கம்ப்யூட்டர், கட்டடம், மனை எல்லாம் ரேக்கின் பக்கம்தான்.

2002-இல் மும்பை பவாயில் முதல் கடையைத் திறந்த டிமார்ட், பெரும்பாலும் சொந்த இடத்தில் கடை நடத்துகிறது. நிலமும் கட்டடமும் அதன் கணக்கில் கனப்பது அதனால்தான்.

கவனிக்க வேண்டியது தேய்மானம். 2013 கம்பெனிகள் சட்டம் கம்ப்யூட்டருக்கு 3 ஆண்டு ஆயுள் தருகிறது. கான்கிரீட் கட்டடத்துக்கு 60. கம்ப்யூட்டர் 60,000 ரூபாய் என்றால், ஆண்டுதோறும் சுமார் 20,000 லாபத்தில் கழியும். மனைக்குத் தேய்மானமே இல்லை. பெரும்பாலும் வாங்கிய விலையிலேயே நிற்கும். பழைய மனை வைத்திருக்கும் நிறுவனத்தின் உண்மையான பலம் இருப்புநிலைக் குறிப்பின் மனை என்ற ஒரு வரியில் ஒளிந்திருக்கலாம்.

வாடகைக் கடைகள்? 2019 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்களின் நீண்ட குத்தகை உரிமையும் சொத்தாகவே ஏறுகிறது. எதிரே, தரவேண்டிய வாடகை கடனாக நிற்கிறது.