காப்புரிமையும் ஒப்புரவும்

ஒருவன் தன் நிலத்தில் விளைந்த நெல்லைக் குதிரில் இட்டுக் காக்கலாம்; தான் ஈட்டிய பொன்னைப் பேழையில் வைத்துப் பூட்டலாம். ஆயின், தன் அறிவில் விளைந்த புதுக்கருத்து ஒன்றினை அவன் எங்ஙனம் காப்பான்? பல்லாண்டுகள் உழைத்து ஒருவன் ஒரு பொறியை அமைக்கின்றான். அதனைக் கண்ட மற்றொருவன் சில திங்களுக்குள் அதுபோன்ற பொறியைச் செய்து குறைந்த விலைக்கு விற்கின்றான். முன்னவன் பட்ட கடன் அவனிடமே நிற்க, வருவாய் பின்னவனைச் சென்று சேர்கின்றது.

இவ்விடருக்கு அஞ்சிய முற்காலக் கைவினைஞர் பலர் தம் தொழில் நுட்பங்களை மறைத்து வைத்தனர். தந்தை மகனுக்கு மட்டுமே உரைப்பான். உரைக்கு முன் அவன் இறப்பின், அந்நுட்பமும் அவனோடு மாயும். மறைத்தல் ஒருவனுக்குக் காப்பு, உலகுக்கோ இழப்பு. இவ்விரு தீங்குகளையும் ஒருங்கே நீக்குதற்கு மக்கள் கண்ட வழியே காப்புரிமை என்பது.

காப்புரிமையை ஆங்கிலேயர் 'பேட்டன்ட்' என்பர். இச்சொல் 'திறந்திருத்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் மொழிச் சொல்லின் வழியாகப் பிறந்தது. முத்திரையை உடைக்காமலே எவரும் படிக்குமாறு அரசர் விரித்து வழங்கிய ஆணை 'திறந்த முடங்கல்' எனப்பட்டது. எனவே, காப்புரிமை என்பது பொருளை மூடி வைப்பதன்று. அதனைத் திறந்து காட்டுவதே அதன் உயிர்நிலை. கண்டுபிடித்தவன் தன் பொருளின் அமைப்பையும் செய்முறையையும், அத்தொழில் அறிந்த பிறர் படித்துச் செய்யும் அளவுக்கு விளக்கி எழுதி அரசிடம் அளித்தல் வேண்டும். அதற்கு ஈடாக, குறித்த காலம் வரையில் அவனுடைய இசைவின்றிப் பிறர் அப்பொருளைச் செய்யவோ விற்கவோ கூடாதென அரசு தடுக்கின்றது. அக்காலம் கழிந்தபின் அந்நுட்பம் பொதுவுடைமை ஆகிவிடுகின்றது.

இத்தாலிய நாட்டு வெனிசு நகரத்தார் 1474-ஆம் ஆண்டிலேயே இத்தகைய சட்டம் ஒன்றை இயற்றி, புதுப்பொறி கண்டவர்க்குப் 10 ஆண்டு உரிமை அளித்தனர். இந்தியாவில் இதற்கான முதற்சட்டம் 1856-ஆம் ஆண்டில் தோன்றியது. அவ்வாண்டில் கல்கத்தாவில் வாழ்ந்த தெப்பென்னிங்கு என்னும் பொறியாளர், கூரையில் தொங்கும் பெருவிசிறியை இழுக்கும் பொறி ஒன்றிற்கு உரிமை வேண்டி விண்ணப்பித்தார். இன்று நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது, பின்னர்ப் பல திருத்தங்கள் பெற்ற 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமாகும். விண்ணப்பித்த நாள் தொட்டு 20 ஆண்டுகள் உரிமை நிலைக்கும். கொல்கத்தா, மும்பை, தில்லி, சென்னை ஆகிய நகரங்களில் இதற்கென அலுவலகங்கள் உள்ளன.

உரிமை வேண்டும் பொருளுக்கு மூன்று இலக்கணங்கள் இன்றியமையாதன. அது முன்பு எங்கும் அறியப்படாத புதுமை உடையதாதல் வேண்டும். அத்துறை அறிந்தார் எவர்க்கும் எளிதில் தோன்றாத நுட்பம் உடையதாதல் வேண்டும். தொழிலில் பயன்படத்தக்கதாதல் வேண்டும். இயற்கையின் உண்மைகளுக்கு எவரும் உரிமை கோரல் இயலாது. மேலும், ஒரு நாடு வழங்கிய உரிமை அந்நாட்டின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். இவ்விலக்கணங்கள் நடைமுறையில் எங்ஙனம் அமைகின்றன என்பது சில வரலாறுகளால் விளங்கும்.

முதலாவது, நாள்தோறும் முகம் மழிக்கும் கருவியின் வரலாறு. முன்னாளில் சவரக்கத்தி தடித்த எஃகினால் ஆயது. அடிக்கடி தோல்வாரில் தீட்டப்படுவது. தோல் வெட்டுண்ணாமல் காக்கும் சட்டம் பொருத்திய கத்திகளும் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன. அவற்றையும் தீட்டியே ஆகவேண்டும். அமெரிக்காவில் ஊர்தோறும் சென்று புட்டி மூடிகளை விற்றுவந்த கிங் கேம்ப் சில்லெட்டு என்பார்க்கு 1895-ஆம் ஆண்டில் ஒரு நாள் முகம் மழிக்கும்போது ஓர் எண்ணம் தோன்றியது. மெல்லிய எஃகுத் தகட்டின் இரு விளிம்புகளையும் கூராக்கி, மழுங்கியதும் எறிந்துவிட்டு வேறு தகட்டினைப் பொருத்தினால் என்ன என்பதே அது.

எண்ணம் எளிது, செயல் அரிது. அத்துணை மெல்லிய தகட்டினை வளையாமல் கடினமாக்கித் தீட்டுதல் இயலாதென எஃகுத் தொழில் அறிந்தோர் கூறினர். வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியாளர் துணையாக வந்தபின்னரே அதற்குரிய இயந்திரங்கள் அமைந்தன. விற்பனை தொடங்கிய 1903-ஆம் ஆண்டில் 51 கருவிகளும் 168 தகடுகளுமே விலைபோயின. அடுத்த ஆண்டிலோ ஏறத்தாழ 90,000 கருவிகள் விற்றன. 1904-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை கிட்டியது. அது 1921-இல் முடிவுற்றதும் பிறரும் அவ்வகைத் தகடுகளைத் தடையின்றிச் செய்யலாயினர். இன்று கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கும் பிளேடு, தன் காலம் கடந்து பொதுவுடைமையான ஒரு காப்புரிமையின் பயனே.

இரண்டாவது, அடுக்களைப் பொறி ஒன்றின் வரலாறு. அமெரிக்க இல்லினாய் மாநிலத்துச் செல்பிவில் என்னும் ஊரில் சோசபின் காக்ரன் என்னும் அம்மையார் வாழ்ந்தார். விலையுயர்ந்த பீங்கான் கலங்கள் கழுவும்போது விளிம்பு உடைபடுதலைக் கண்ட அவர், கை படாமல் கலம் கழுவும் பொறி ஒன்றை அமைக்க எண்ணினார். 1883-ஆம் ஆண்டில் அவர் கணவர் கடன்களை விட்டு இறந்தார். அதன்பின், பொழுதுபோக்காகத் தோன்றிய எண்ணம் வாழ்க்கைக்கு ஊன்றுகோல் ஆயிற்று.

தட்டு, கிண்ணம் முதலியவற்றின் அளவுக்கேற்பக் கம்பியால் கூடுகள் செய்து, அவற்றை ஒரு சக்கரத்தில் பொருத்திச் செப்புக் கொப்பரைக்குள் வைத்தார். சோப்புக் கலந்த வெந்நீர் விசையோடு பாய்ந்து கலங்களைத் தூய்மை செய்தது. தேய்த்துக் கழுவுவதினும் நீரின் விசையே அழுக்கை நீக்கும் என்பது அவர் கண்ட நுட்பம். 1886-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. வீட்டுக்கென எண்ணிய பொறியை முதலில் வாங்கியவை பெரும்பாலும் உணவு விடுதிகளே. 1893-ஆம் ஆண்டுச் சிகாகோ உலகப் பொருட்காட்சியிலும் அது பரிசு பெற்றது. பொறியியல் கல்லூரியில் பயிலாத ஒரு பெண்மணியின் கூர்த்த அறிவுக்கு அரசின் ஏடு சான்று பகர்ந்தது. ஆக்கியோர் எவரென ஐயமற நிறுவுதலும் காப்புரிமையின் பயன்களுள் ஒன்று.

இனி, மருத்துவத் துறையில் நிகழ்ந்த வேறோர் அருஞ்செயல் நோக்கத்தக்கது. 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், செருமனி நாட்டு வூர்சுபர்க்குப் பல்கலைக்கழகத்தில் வில்லெம் ராண்ட்கன் என்னும் பேராசிரியர் மின்குழாய் ஒன்றைக் கருந்தாளால் மூடி ஆய்ந்துகொண்டிருந்தார். அப்போது, அப்பால் கிடந்த வேதிப்பொருள் பூசிய திரை ஒன்று ஒளிர்ந்தது. கண்ணுக்குப் புலனாகாத கதிர்கள் தாளை ஊடுருவிச் செல்கின்றன என அவர் தெளிந்தார். பெயர் அறியாமையால் 'எக்ஸ் கதிர்கள்' என்றார். டிசம்பர் 22-ஆம் நாள் தம் மனைவியின் கையை அக்கதிர்களால் படம் எடுத்தார். எலும்புகளும் விரலில் அணிந்த மோதிரமும் அப்படத்தில் தோன்றின.

அக்கதிர்களைப் படைக்கும் முறைக்கும் கருவிக்கும் அவர் உரிமை கோரியிருப்பின் பெருஞ்செல்வம் குவிந்திருக்கும். அவர் கோரவில்லை. உலகம் முழுவதும் அதனைத் தடையின்றிப் பயன்கொள்ளுமாறு விட்டுவிட்டார். அடுத்த ஆண்டிலேயே மருத்துவர் பலர் எலும்பு முறிவையும் உடலில் பாய்ந்த குண்டையும் எக்ஸ் கதிர் கொண்டு காணலாயினர். 1901-ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு ராண்ட்கனுக்கே கிட்டியது. அப்பரிசுத் தொகையையும் தம் பல்கலைக்கழகத்திற்கே அளித்தார்.

ஆயின், மருத்துவக் கருவிகள் அனைத்தையும் இவ்வாறே கொடையாக எதிர்பார்த்தல் இயலுமோ? எக்ஸ் கதிர்ப் படம் நிழற்படமே. ஓர் உறுப்பின் நிழல்மேல் மற்றோர் உறுப்பின் நிழல் விழும். ஆகவே, மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளையின் கட்டியை அதனால் தெளிவாகக் காண்டல் அரிது. இக்குறையை நீக்க முனைந்தவர் ஆங்கிலப் பொறியாளர் காட்பிரே அவுன்சுபீல்டு. ஒரு பொருளைப் பல கோணங்களில் கதிர்களால் அளந்து, அவ்வளவைகளைக் கணிப்பொறியால் கூட்டி நோக்கின், அறுக்காமலே அதன் குறுக்குவெட்டைக் காணலாம் என்பது அவர் கருத்து. முதற்சோதனையில் ஒரு படத்திற்கு வேண்டிய அளவைகளை எடுக்க 9 நாட்கள் ஆயின. பின்னர் 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள், இலண்டனை அடுத்த விம்பிள்டனில் உள்ள மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாக இவ்வாறு படமெடுக்கப்பட்டது. இன்று 'சி.டி. ஸ்கேன்' என வழங்குவது இதுவே.

அவர் பணியாற்றியது இசைத்தட்டுகளும் மின்னணுக் கருவிகளும் செய்த ஈ.எம்.ஐ. நிறுவனத்தில். அந்நிறுவனம் 1968-ஆம் ஆண்டிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. ஆனால், இதற்கு வேண்டிய கணித முறையை ஆலன் கார்மக்கு என்னும் அறிஞர் 1963, 1964-ஆம் ஆண்டுகளில் கட்டுரைகளாக வெளியிட்டிருந்தார். அவற்றை அன்று கருதுவார் மிகச் சிலரே. 1979-ஆம் ஆண்டு நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஒரு கருவியின் பின்னே பலர் உழைப்பு நிற்கும்போது உரிமை எவருக்கு என்னும் வினா எழுகின்றது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வரலாறு இதற்குத் தக்க சான்று. நம் உடலில் நீரே மிகுதி. நீரில் உள்ள ஐதரசன் அணுக்கருக்கள் நுண்ணிய காந்தங்கள் போல்வன. வலிய காந்தப் புலத்தில் அவற்றை நிறுத்தி வானொலி அலைகளால் அசைத்தால், அவை பழைய நிலைக்கு மீளுங்கால் மறுகுறி தரும். புற்று படர்ந்த தசையும் நலமுற்ற தசையும் அவ்வாறு மீளும் காலத்தால் வேறுபடுவன என 1971-இல் வெளியிட்டவர் ரேமண்டு தமாதியன். அவர் 1972-இல் விண்ணப்பித்து 1974-இல் காப்புரிமை பெற்றார். 1977-ஆம் ஆண்டு சூலை 3-ஆம் நாள் தாம் கட்டிய பொறியில் மனித உடலைப் படமெடுத்தார். அதற்கு ஏறத்தாழ 5 மணி நேரம் சென்றது.

காந்தப் புலத்தின் வன்மையை இடத்திற்கு இடம் மாற்றிப் படம் அமைக்கும் முறையை 1973-இல் வெளியிட்டவர் பால் லாட்டர்பர். அவர் பணியாற்றிய பல்கலைக்கழகம் அதற்குக் காப்புரிமை பெற முன்வரவில்லை. பீட்டர் மான்சுபீல்டு அம்முறையை விரைவுபடுத்தினார். 1997-ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றம் தமாதியனின் உரிமையை நிலைநாட்டி, 12 கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பீடு அவர் நிறுவனத்திற்குக் கிடைக்கச் செய்தது. ஆயின், 2003-ஆம் ஆண்டு நோபல் பரிசோ லாட்டர்பருக்கும் மான்சுபீல்டுக்குமே வழங்கப்பட்டது. தமாதியன் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு முறையிட்டார். உரிமை வேறு, பெருமை வேறு என்பதனை இந்நிகழ்ச்சி நன்கு புலப்படுத்துகின்றது.

காப்புரிமை தவறாக வழங்கப்படுதலும் உண்டு. காயத்தில் மஞ்சள் தூள் இட்டு ஆற்றுதல் நம் பாட்டியர் அனைவரும் அறிந்தது. அதற்கு 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழிலாராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் சான்று காட்டி வழக்காட, 1997-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. அறிந்த பொருள் புதுமை ஆகாது என்னும் இலக்கணமே அங்கு வென்றது. ஆயினும், வாய்மொழி வழக்கு மட்டும் வழக்கு மன்றத்தில் போதாது. எழுதிய சான்று வேண்டும். இதனை உணர்ந்த நம் நாட்டார் 2001-ஆம் ஆண்டில் மரபறிவு மின்னூலகம் ஒன்றைத் தொடங்கினர். நம் தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களின் மருந்துமுறைகளும் அதில் இடம்பெற்று, அயல்நாட்டு அலுவலர் படித்தறியும் மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளன.

உரிமை உடையான் விலையை உயர்த்தி ஏழையரின் உயிருக்கு ஊறு விளைத்தால் என் செய்வது? நம் நாட்டுச் சட்டம் இதற்கும் வழி வகுத்துள்ளது. உரிமை வழங்கி 3 ஆண்டுகள் கழிந்தபின், பொருள் மக்களுக்குத் தக்க விலையில் கிட்டவில்லையெனில், பிறர் அதனைச் செய்ய அரசு கட்டாய உரிமம் அளிக்கலாம். திங்களுக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாய் விலையுடைய புற்றுநோய் மருந்து ஒன்றிற்கு 2012-ஆம் ஆண்டில் இவ்வாறு உரிமம் வழங்கப்பட்டது. உரிமம் பெற்ற இந்திய நிறுவனம் அதனை 8,880 ரூபாய்க்கு அளிக்க வேண்டுமென அப்போது வரையறுக்கப்பட்டது.

உழைத்தவனுக்குப் பயன் இல்லையேல், உழைப்பார் குறைவர். பயன் முழுவதும் ஒருவனிடமே என்றும் தங்குமாயின், உலகம் நலிவுறும். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று இருபாலும் கோடாமல் அளத்தலே நல்ல சட்டத்தின் கடன். தமக்கு உரியதை உலகிற்கு உதவும் பண்பினைத் தமிழ்ச் சான்றோர் 'ஒப்புரவு' என்றனர். திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். காப்புரிமை, காலம் முடிந்ததும் ஒருவனை ஒப்புரவுக்கு ஆட்படுத்தும் சட்டம். ராண்ட்கன் செய்ததோ சட்டம் பணிக்காமலே உளமுவந்து ஆற்றிய ஒப்புரவு. எலும்பு முறிந்து மருத்துவமனைக்குச் செல்லும் சிறுவன் ஒவ்வொருவனுடைய படத்திலும் அப்பெருமகனார் கொடை இன்றும் ஒளிர்கின்றது.