கொண்டை ஊசி வளைவு இல்லாத ஊட்டி

வியாசர்பாடி கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கிற ஊர். மழை வலுத்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிடும். வண்டிகள் சுற்றிக்கொண்டு போகும். அங்கிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு மீனம்பாக்கம் போய் விமானம் ஏறுகிறவர், விமானம் கிளம்பிய அரை மணிக்குள் ஊட்டிக்குப் போய்விடுகிறார். விமானம் பறக்கிற உயரத்தைச் சொல்லவில்லை. அது 35,000 அடி. அவருடைய காதும் நாக்கும் வயிறும் போய்ச் சேருகிற உயரத்தைச் சொல்கிறேன்.

35,000 அடியில் வெளியே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் கால் பங்குகூட இல்லை. குளிர் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே. அந்தக் காற்றை அப்படியே சுவாசித்தால் ஒரு நிமிடத்துக்குள் புத்தி தடுமாறும். அதனால் பெரும்பாலான விமானங்களில் எஞ்சின் அமுக்குகிற காற்றில் ஒரு பகுதியை எடுத்து, குளிர வைத்து, உள்ளே விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வால் பக்கத்து வால்வு ஒன்று வேண்டிய அளவு காற்றை வெளியேற்றி அழுத்தத்தைச் சீராக்குகிறது. தரையில் உள்ள அழுத்தத்தையே மேலேயும் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். வைக்கலாம்தான். ஆனால் விமானத்தின் உடல் உள்ளிருந்து அவ்வளவு விசையைத் தாங்க வேண்டும். தகடு தடிமனாகும், எடை ஏறும், எரிபொருள் கூடும், டிக்கெட் விலையும் ஏறும். ஆகவே 8,000 அடிக்கு மிகாத மலையுச்சியில் இருப்பதுபோன்ற காற்று போதும் என்று விதி வகுத்துக்கொண்டார்கள். ஊட்டி ஏறக்குறைய 7,350 அடி. கார்பன் இழையால் உடல் செய்த போயிங் 787 போன்ற விமானங்களில் இதை 6,000 அடிக்கு இறக்க முடிந்திருக்கிறது. காது அடைப்பதும் டிக்கெட் விலையும் சொந்தக்காரர்கள் என்று சொன்னால் மிகையில்லை.

விலைப் பேச்சு வந்துவிட்டதால் அதை இங்கேயே முடித்துவிடலாம். ஒரே விமானத்தின் இருக்கைகளை நிறுவனங்கள் பல விலைப் படிகளாகப் பிரித்து விற்கின்றன. மலிவான படியில் இரண்டே இருக்கை மிச்சமிருக்கும்போது நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடினால், பெரும்பாலும் நான்குமே அடுத்த படியின் விலையைக் காட்டும். முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள், குட்டு வெளிப்படும். விமான நிலையம் போக வண்ணாரப்பேட்டையிலோ சென்ட்ரலிலோ நீலத் தட மெட்ரோ பிடித்தால் மாறாமல் போய் இறங்கலாம். சென்னை மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய். அதிகாலை முதல் ரயிலுக்கு முன்னால் விமானம் என்றால் இந்தக் கணக்கு உதவாது. உள்ளே போனதும் பசித்தால், உள்நாட்டு முனையத்தில் 2025 பிப்ரவரியில் திறந்த உடான் யாத்ரி கஃபே இருக்கிறது. டீ 10 ரூபாய் என்றுதான் தொடங்கினார்கள்.

இனி ஊட்டிக் காற்றின் விளையாட்டு. 8,000 அடியில் அழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்கு. எதற்குள் காற்று அடைபட்டிருந்தாலும் அது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியப் பார்க்கும். கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடியில் இதைப் பந்தை வைத்தே சொல்லலாம். விதிப்படி பந்தின் உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிட 0.6 முதல் 1.1 வளிமண்டலம்வரை கூடுதலாக இருக்கலாம். 0.8 வைத்துப் பெட்டியில் போட்டால் மேலே போனதும் அது 1.05 ஆகிவிடும். நல்ல பந்து தாங்கும். 1.1 வரை அடித்து இறுக்கிய பழைய பந்து 1.35க்குப் போனால் தையலுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டு பம்ப்பைக் கூட எடுத்துப் போவதே மேல். பெட்டியில் இடமும் மிஞ்சும்.

சிப்ஸ் பாக்கெட் உப்புவதும் இதனால்தான். மாவடு பாட்டிலில் மூடிக்குக் கீழே நிற்கிற காற்று விரிந்து உப்புநீரை வெளியே தள்ளும். காலி இடம் குறைவாக இருக்கும்படி நிரப்பி, இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள். மிளகாய் ஊறுகாயைக் கைப்பையில் விட மாட்டார்கள். குடலில் இருக்கிற வாயுவும் இதே கணக்கில்தான் விரியும் என்பதால், கிளம்புவதற்கு முன் மொச்சைக் குழம்பும் சோடாவும் வேண்டாம்.

நாக்குக்கும் ஊட்டி ஒத்துக்கொள்வதில்லை. வெளிக்காற்றில் ஈரம் ஏறக்குறைய கிடையாது என்பதால் உள்ளே ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். வடசென்னைக் கடற்காற்றில் வளர்ந்த மூக்கு வறண்டு மணத்தை இழக்கும். பயணிகள் ஏன் இவ்வளவு தக்காளிச் சாறு கேட்கிறார்கள் என்று லுஃப்தான்சா நிறுவனம் வியந்து, ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தைப் பார்க்கச் சொன்னது. குறைந்த அழுத்தத்தில் உப்பும் இனிப்பும் மங்கிப்போகின்றன, தக்காளி சுவை கூடித் தெரிகிறது என்று அவர்கள் சொன்னார்கள். நம்மூர் ரசம் அங்கே நன்றாக எடுபடும் என்பது என் ஊகம். ஊட்டி அழுத்தத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் டீத்தூளும் சரியாக இறங்காது. காலி பாட்டிலைக் கொண்டுபோய்ச் சோதனை முடிந்ததும் தண்ணீர் பிடித்துக்கொள்வது செலவுக்கும் தொண்டைக்கும் நல்லது.

அடித்தளத்துச் சரக்கறையிலும் இதே அழுத்தம்தான். அங்கே ஆள் இல்லை, அவ்வளவே. பவர் பேங்க்கை எப்போதும் கைப்பையில் வைக்கச் சொல்வது இதனால்தான். உள்ளே லித்தியம் சூடேறிப் பற்றினால் ஒருவர் கண்ணில் படவேண்டும். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-மணி. தனி அனுமதியில்லாமல் 100 வரை போகலாம். கொப்பரையின் கதை விசித்திரம்: எண்ணெய்ப்பசை மிக்க அது குவியலில் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால் சர்வதேச ஆபத்துப் பொருள் பட்டியலில் இருக்கிறது. முழுத் தேங்காய்க்கும் கைப்பையில் தடை இருந்ததால், 2024 சபரிமலைக் காலத்தில் இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோகத் தனியாக விலக்கு அளிக்க வேண்டியிருந்தது.

கடைசியாகக் காது. செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சிறு அறை. அங்கிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழல். ஏறும்போது அறைக்காற்று விரிந்து தானே வழி பண்ணிக்கொண்டு வெளியேறிவிடும். இறங்கும்போது கதை வேறு: வெளியழுத்தம் கூடக் கூடக் குழலின் தளர்ந்த வாய் ஒட்டிக்கொள்ளும், விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோதான் திறக்கும். தூங்குகிறவர் அடிக்கடி விழுங்குவதில்லை. ஆகவே தரையிறங்க அரை மணி முன்பே எழுந்துவிட வேண்டும். ஒரு மிட்டாய் போதும். கைக்குழந்தைக்கு ஏறும்போதே பாலை முடித்துவிடாமல் இறங்குவதற்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். சளி பிடித்திருந்தால் குழல் வீங்கியிருக்கும். மருத்துவரைக் கேட்டு மூக்குச் சொட்டு மருந்தோடு போவது உத்தமம். இறங்கி இரண்டு நாளாகியும் அடைப்பு விடவில்லை என்றால் வீட்டு வைத்தியமாகக் காதில் எண்ணெய் விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்; அடைப்பு செவிப்பறைக்கு உள்பக்கம், எண்ணெய் அங்கே போகாது.