கணினிக்கு ஏற்ற குளிர்விப்பான்

நம் கெடா மாநிலத்துக் கூலிமில் இன்டெல் தொழிற்சாலை உள்ளது. அந்நிறுவனத்தின் செயலியே பல கணினிகளுக்கு மூளையாகும். செயலி உழைக்க உழைக்கச் சூடேறும். சூடு மிகுந்தால் வேகம் குன்றும். பின்னர்க் கணினியே அணைந்துவிடும். நாம் சேமிக்காத கட்டுரையும் மறைந்துவிடும்.

குளிர்விப்பானின் உலோகத் தகடுகள் செயலியின் வெப்பத்தை வாங்க, விசிறி அதனைக் காற்றில் கலக்கின்றது. எனவே, அறைக் காற்றைவிடச் செயலி குளிராது. நம் வகுப்பறையோ நண்பகலில் 32 பாகையைத் தொடும். ஆதலின், செயலி 65 வாட் வெப்பத்தை வெளியிடுமாயின், அதனினும் மிகுதியைத் தாங்கும் குளிர்விப்பானையே நாம் தேர்ந்தெடுத்தல் வேண்டும். செயலியின் பொருத்துவாய்க்கு அது இசைகின்றதா, பெட்டியின் மூடியில் இடிக்காத உயரமா என்றும் அளந்து பார்த்தல் நலம்.

விலை மிகுந்ததே சிறந்தது என மயங்கற்க, பொருந்துவதே சிறந்தது. விசிறியில் தூசு படியாமல் காப்பதும் நம் கடமையே.