உங்களுக்குத் தெரியுமா? இதயத்துக்கு 4 மணி நேரக் கெடு

● 2023 ஜூலையில் நாக்பூரில் மூளைச்சாவு அடைந்த ஒரு பெண்ணின் குடும்பத்தார் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தார்கள். அவருடைய இதயம் விமானப்படை விமானத்தில் 90 நிமிடத்தில் புனே வந்து இறங்கியது. இரண்டு ஊரிலும் டிராபிக் போலீசார் சாலையைக் காலி செய்து வழிவிட்டார்கள். புனேயின் ராணுவ இதய மருத்துவமனையில் அதைப் பெற்றுக்கொண்டவரும் ஒரு விமானப்படை வீரர்தான். சாலை வழி என்றால் 700 கிலோமீட்டருக்கு மேல். வந்து சேர்வதற்குள் இதயம் கெட்டிருக்கும்.

● ஏன் இவ்வளவு அவசரம்? ஐஸில் வைத்த சிறுநீரகம் ஒரு நாள்கூடத் தாங்கும். இதயத்துக்கு ஏறத்தாழ 4 மணி நேரம்தான். கொடுப்பவர் உடலில் அதற்கு ரத்தம் நின்ற நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்கும். பெறுபவர் உடலில் ரத்தம் பாயும்போதுதான் நிற்கும். தையல் போடும் நேரமும் இதற்குள் அடக்கம்.

● 2023-ல் இந்தியாவில் இறந்தபின் உறுப்பு தானம் செய்தவர்கள் 1,099 பேர். நடந்த இதய மாற்று அறுவை சிகிச்சைகளோ 221. ஆக, தானம் செய்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரின் இதயம்தான் பயன்பட்டிருக்கிறது! வயது, ரத்த வகை, உடல் அளவு, தூரம் எல்லாம் ஒத்துவர வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. மூளை செயலிழக்கும்போது அட்ரினலின் வெள்ளமாகச் சுரந்து இதயத்தைத் திகைக்க வைத்துவிடும். அந்த நேரத்தில் எக்கோ எடுத்தால் பலவீனமாகத்தான் தெரியும். ஐசியுவில் ரத்த அழுத்தத்தைச் சரிசெய்து, தேவைப்பட்டால் ஹார்மோனும் கொடுத்து, சில மணி நேரம் கழித்து மறுபடி எக்கோ எடுத்தால், தேறிவிடும் இதயங்கள் உண்டு. முதல் எக்கோவை மட்டும் பார்த்துக் கைகழுவுவது அவசரப்புத்தி என்பது என் கட்சி. புது விமானம் எதுவும் வாங்காமலே இதயங்களைக் கூட்டும் வழி இது.

● ஐஸ் பெட்டிக்குப் பதிலாக, வெதுவெதுப்பான ரத்தத்தைச் செலுத்தி, வழியெல்லாம் இதயத்தைத் துடிக்கவைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. துடிப்பு நின்று இறந்தவரின் இதயத்தையும் இதில் வைத்து எழுப்பிப் பார்க்கலாம். 2014-ல் சிட்னி செயின்ட் வின்சென்ட் மருத்துவமனை அப்படிச் செய்து, வேறொருவருக்குப் பொருத்திக் காட்டியது. ஒவ்வொரு முறையும் புதிதாக மாட்ட வேண்டிய பாகங்களுக்கே பல லட்சம் ஆகும். நம் ஊருக்கு எப்போது கட்டுப்படியாகுமோ!

● உயிரோடு இருப்பவரும் இதயம் தரலாம். கதையல்ல. நுரையீரல் கெட்டவருக்குச் சில சமயம் இதயமும் நுரையீரலும் சேர்த்தே மாற்றுவார்கள். அப்போது அவருடைய சொந்த இதயம் நன்றாக இருந்தால் அடுத்தவருக்குப் போகும். 1987-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் இது நடந்தது.

● முழுதாகப் பொருத்த லாயக்கில்லாத இதயத்திலும் வால்வுகள் நன்றாக இருக்கலாம். அவற்றை எடுத்து உறைநிலையில் சேமிக்கும் வால்வு வங்கிகள் உண்டு.

● மூளைச்சாவை ஒரு டாக்டர் அறிவித்துவிட முடியாது. 1994-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நான்கு பேர் குழு, 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துக் கையெழுத்திட வேண்டும். பிறகுதான் குடும்பத்தாரிடம் பேச்சே. நீங்கள் உறுப்பு தான அட்டை வைத்திருந்தாலும் அந்த நேரத்தில் வீட்டார் தலையசைக்க வேண்டும். அதனால் அட்டை எடுப்பவர்கள் அதை பர்ஸில் வைப்பதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.