பதிவேடும் அதன் படிகளும்



மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்வோருக்கு ஒரு துண்டுக் காகிதம் எத்துணைப் பெரும்பொருள் என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோர், மறு ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பஞ் செய்யலாயினர். 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இத்தீவில் வதிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சான்று எங்கே? தோட்ட அலுவலகத்து அலமாரியில் கிடந்த செக்ரோலில். அதனைக் கறையான் அரித்திருந்தாலோ, மழையீரம் ஊறியிருந்தாலோ, தோட்டம் கைமாறியபோது அது தொலைந்திருந்தாலோ, ஒருவருடைய பத்தாண்டு வாழ்வுக்குச் சாட்சியே இல்லை. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேர். காகிதக் குறை ஒன்றே இதற்குக் காரணம் என்று நான் கூறேன். சட்டத்தின் நோக்கமே அதுதான் என்பாரது கூற்றில் உண்மை உண்டு. பின்னர் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் உரிமை வழங்கியபோதும், 1964 அக்டோபர் 30 என்று கடந்த காலத்து நாளொன்றே வரம்பாகக் குறிக்கப்பட்டது.

இன்று பதிவுகள் கணினிக்குள் புகுந்துவிட்டன. அங்கே அவை அழியாதிருக்குமா? கணினி வல்லார் இதனை நிலைபேறு என்பர். அதற்கு அவர்கள் தரும் பொருள் மிகக் கண்டிப்பானது. 'பதிந்தேன்' என்று ஒருமுறை விடை தந்தபின், மின்சாரம் நின்றாலும் இயந்திரம் பழுதானாலும் அப்பதிவு மறையலாகாது.

கொழுந்து நிறுக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். கணக்கப்பிள்ளை நிறையைக் காதால் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டு 'சரி' என்றால், அவர் மறந்தவுடன் ஒருத்தியின் உழைப்பும் மறைந்துபோம். கையேட்டில் வரிசையாக எழுதிய பிறகே 'சரி' என்றால், பேரேட்டில் மாலையில் ஏற்றினாலும் குற்றமில்லை. கணினியும் இவ்வாறே செய்கின்றது. அதன் நினைவகம் மின்சாரம் நின்றால் வெறுமையாகிவிடும். ஆதலின் முதலில் வட்டிலுள்ள குறிப்பேட்டின் கடைசியில் ஒரு வரி எழுதுகின்றது; பின்னரே விடை தருகின்றது. தடைப்பட்டு மீண்டெழுந்தால் அக்குறிப்பேட்டை முறையே படித்துப் பேரேட்டைச் சீராக்குகின்றது. வட்டில் உண்மையாகவே எழுதி முடிக்குமுன் 'எழுதினேன்' என்று சொல்லிவிடும் இயந்திரங்களும் உண்டு. அவசரக்காரக் கிளாக்கர்மார் இயந்திர உலகிலும் இருக்கின்றனர் போலும்!

கையேடே ஓடையில் விழுந்துவிட்டால்? அதற்காகவே பரவல் தரவுத்தளம் ஏற்பட்டது. நுவரெலியா, அட்டன், கொழும்பு ஆகிய மூன்றிடங்களில் மூன்று கணினிகள் ஒரே பதிவேட்டை வைத்திருப்பதாகக் கொள்வோம். மூன்றும் எழுதிய பிறகே விடை என்றால், அட்டனில் மின்சாரம் நின்ற மாத்திரத்தில் எல்லாப் பணியும் நின்றுபோம். ஒன்று எழுதியதுமே விடை என்றால், அந்த ஒன்று கெட்டால் பதிவும் கெட்டது. ஆகவே இரண்டு எழுதியதும் விடை தருவர். பின்பு எந்த ஒன்று வீழ்ந்தாலும், எஞ்சிய இரண்டில் ஒன்றிலேனும் அப்பதிவு இருந்தே தீரும். தாளில் மூன்று வட்டம் வரைந்து ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள், விளங்கும்.

ஆனால் மூன்று படிகளும் ஒரே அறையில் இருந்தால் அவை ஒரு படிக்கே சமம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறிடத்தில் படியுள்ள நூலை மீண்டும் வாங்கலாம். படியற்ற சுவடியை எங்கே தேடுவது? 2005 முதல் நூலகம் என்னும் நிறுவனம் ஈழத்து நூல்களை மின்வடிவாக்கிச் சேமித்து வருவதன் அருமை இங்கே புலப்படும். மலைநாட்டிலோ தீயினும் மண்ணே கொடிது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடிற்று. அத்தகைய வேளையில் பெட்டியிலிருந்த பிறப்புச் சான்றிதழும் மண்ணுக்குள் போம்.

இன்னொன்று. பரீட்சை விண்ணப்பக் காலத்தில், வீட்டில் ஒரு பெயரும் சான்றிதழில் வேறு பெயருமாக வரும் மாணவரை ஆண்டுதோறும் காண்கின்றேன். பிழையான பெயரை மூன்று கணினிகளும் ஐயமின்றி மும்முறை எழுதிவைக்கும். தவறுதலாக நீக்கிய பதிவை மூன்றும் ஒருங்கே நீக்கும். இதற்குப் படிகளின் எண்ணிக்கை மருந்தன்று. பழைய நிலையை நாள் குறித்துத் தனியே எடுத்துவைத்த காப்புப்படி வேண்டும். திருத்தும்போதும் முன்னிருந்த வரியை அழிக்காது, அதன்கீழ் யார், எந்நாளில் திருத்தினார் என்று எழுதுதல் வேண்டும்.