வெட்டு நின்ற மரமும் டிங்கி காய்ச்சலும்

"டிங்கியா? அது டவுன்காரனுக்கு வர்ற சீக்கு" என்று லயத்து வாசலில் பெரியவர்கள் சொல்லக் கேட்கிறோம். ஒரு காலத்தில் அது சரிதான். 1902-இல் டிங்கி பதிவானது பினாங்கில். இரத்தக் கசிவோடு வரும் கொடிய டிங்கி 1962-இல் இந்நாட்டில் முதலில் தலைகாட்டியதும் பினாங்கில்தான்.

இன்று தோட்டத்து வேலி வரை தாமான் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் மோட்டாரில் தொழிற்சாலைக்குப் போய் வருகிறார்கள். அங்கே தொற்றிய கிருமியோடு ஒருவர் வீடு திரும்பினால் போதும், அவரைக் கடிக்கும் நம்மூர்க் கொசு அதை அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். 2019-இல் மட்டும் நாட்டில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் மாண்டார்கள்.

ஏடிஸ் கொசுவில் இரண்டு ஜாதி. ஒன்று வீட்டுத் தொட்டியில் வளரும். மற்றது வெளியே மரப்பொந்து, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் என்று தேடும். அதற்கு நம் பால் மங்கும் ஒரு சிரட்டைதான்! வெட்டுகிற மரத்தில் மங்கைத் துடைத்து விடுகிறோம். வெட்டு நின்ற மரத்தில் மழைத்தண்ணீர் தேங்கும். பத்து நாளுக்குள் கொசு பறந்துவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை பல மாதம் சாகாது. அது கடிப்பதும் பகலில், கொசுவலை உதவாது.

ஆகவே வெட்டு நிறுத்தும்போதே மங்குகளைக் கவிழ்க்க வேண்டும். அது தோட்டத்து வேலை, சம்பளத்துக்குரிய வேலை. ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் என்று நம் தலையில் கட்டக் கூடாது. புகை அடித்தாயிற்றே என்று நிர்வாகம் கைகழுவவும் முடியாது. புகையில் சாவது பறக்கும் கொசு, தண்ணீரில் நெளியும் புழு அல்ல. வீட்டு டிரம்மை மூடி வைப்பது மட்டும் நம் பாடு.

டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் அது வரும். நாமோ "காய்ச்சல் விட்டுடுச்சு, சம்பளம் போயிடும்" என்று பெரட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம்! வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிடுதல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆஸ்பிரின் வேண்டாம், பாரசிட்டமால் போதும்.

சம்பளம் போகும் என்ற பயமும் வேண்டாம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு வருட சர்வீசுக்கு 18, ஐந்து வருடத்துக்கு 22. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரை. பக்கத்து லயத்து இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் இதேதான், அவர்களிடமும் சொல்லுங்கள். டாக்டர் கொடுக்கும் எம்.சி. சீட்டைக் கிராணியிடம் நீட்டும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.